சுவரில் ஏறிய ஓதமும் கொல்லையில் உயர்ந்த மண்ணும்

பழைய வீட்டைச் சீரமைக்க இறங்குபவர்கள் பெரும்பாலும் சமையலறையிலோ குளியலறையிலோ தொடங்குவார்கள். நாங்கள் கொல்லையில் தொடங்கினோம். பின்சுவர் நெடுகிலும் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறியிருந்தது. அதற்கான காரணம் சுவருக்கு வெளியே, செடிகொடி மண்டிக் கிடந்த மண்ணில் இருந்தது. அந்த மண்ணைச் சரிசெய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் நிற்காது. ஆகவே தோட்டத்தின் வரைபடத்தை முதலில் போட்டோம். வீட்டு வேலைகளின் வரிசை அதிலிருந்தே கிடைத்தது. தோட்டம் என்பது எல்லாம் முடிந்தபின், மிச்சமிருக்கும் பணத்தையும் தெம்பையும் வைத்துச் செய்யும் கடைசி வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறிய பழைய வீட்டுக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வீடும் மண்ணும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றைத் திருத்த முடியாது.

வீடு சிறியது. இரண்டு அறைகள், ஒரு சமையலறை, பின்னால் ஒரு சார்ப்பு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய 230 மி.மீ. செங்கல் சுவர்; கைமரங்களின் மேல் ஓட்டுக் கூரை. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் ஓதத்தைத் தடுக்க நினைத்து, வெளிச்சுவரின் அடிப்பகுதியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட். அது கொப்பளித்து, உரிந்து, அடியில் வெள்ளை உப்பாகப் பூத்திருந்தது.

நீர் எந்த வழியாக வருகிறது

சுவரில் தெரியும் ஈரம் எல்லாம் ஒரே வகை அல்ல. தரையிலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறுவது ஒன்று. இது பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், மேல்விளிம்பில் உப்புக் கோடு தெரியும். கூரையிலிருந்தோ விரிசலிலிருந்தோ மழைநீர் உட்புகுவது இன்னொன்று. மழை பெய்த மறுநாள் கறை பெரிதாகும், வெயிலில் சுருங்கும். மூன்றாவது, அறைக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து நீராவது. அலமாரிக்குப் பின்னாலும் காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும் கரும்பூஞ்சை படர்ந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவதை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக மூடிச் சில நாள் விட வேண்டும். தாளின் வெளிமுகத்தில் ஈரம் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உள்முகத்தில் படிந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. எங்கள் பின்சுவரில் உள்முகம்தான் நனைந்தது. சமையலறை மூலையில் வெளிமுகம் நனைந்தது. அங்கே வேண்டியிருந்தது காற்றுப்போக்கி மட்டுமே. இந்த ஒரு சோதனை அந்த மூலையில் பூச்சை உடைக்கும் வேலையை மிச்சப்படுத்தியது.

கூரையைப் பார்க்க நல்ல நேரம் மழை பெய்துகொண்டிருக்கும் நேரம். டார்ச்சுடன் கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறிப் பார்த்தால், நீர் எங்கே சொட்டுகிறது என்பதைவிட எங்கே நுழைகிறது என்பது புலப்படும். இரண்டும் ஒரே இடமாக இருப்பது அரிது. உடைந்த ஓட்டின் வழியே நுழையும் நீர் கைமரத்தின் அடிப்பக்கமாகவே வழிந்து, வெகுதூரம் தள்ளி ஏதோ ஓர் ஆணியிலோ முடிச்சிலோ நின்று சொட்டும். கீழே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓடு மாற்றிப் பயனில்லாமல் போவது இதனால்தான். எங்களுக்கு நகர்ந்த ஓடுகளும், சார்ப்பின் கூரை சுவரைத் தொடும் இடத்தில் அரித்துப்போன தகடும் அகப்பட்டன.

ஆனால் பெரிய குற்றவாளி இறவாரத்தில் இருந்தது. மழைநீர் வாரியிலிருந்து இறங்கும் குழாய் சுவரின் காலடியிலேயே முடிந்திருந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். கூரையின் பின்பக்கச் சரிவு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. மழைக்கே 600 லிட்டர் நீர் அஸ்திவாரத்தின் ஒரே மூலையில் கொட்டப்பட்டது. இதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு ஓதம் நீக்கும் ரசாயனங்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

அடுத்து டியூப் மட்டம் பிடித்துக் கொல்லை முழுவதையும் அளந்தோம். நீளமான தெளிவான ரப்பர் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் நீர் நிரப்பினால் போதும். இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். வீட்டின் உள்தரையைப் பூச்சியமாக வைத்து, மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் கட்டம் போட்ட தாளில் குறித்தோம். வெளிமண் உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், சுவரிலிருந்து முதல் மூன்று மீட்டருக்கு ஏறக்குறைய 15 செ.மீ. சரிந்து விலகிச் செல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பின்சுவரை ஒட்டிய மண் உள்தரைக்குச் சமமாக இருந்தது. மூன்று மீட்டர் தள்ளி அது இன்னும் உயர்ந்திருந்தது. அதாவது கொல்லையில் விழும் மழையும் சுவரை நோக்கியே ஓடிவந்தது.

அந்தக் கட்டத் தாள்தான் எங்கள் தோட்ட வரைபடத்தின் முதல் கோடு. செடிகளை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன்னரே, நீர் எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டுவிட்டோம்.

மண்ணை இறக்குதல்

நிலம் தானாக உயராது. தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த இலை, பாத்திக்குக் கொட்டிய எரு, மராமத்தின்போது வீசிய ஓட்டுத் துண்டு, செங்கல் சில்லு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வந்திருக்கின்றன. தோண்டும்போது அடுக்கடுக்காக அவை தெரிந்தன. ஒரு முழத்துக்கும் கீழே, சுவரை ஒட்டிச் செங்கல் பாவிய ஒரு நடைபாதை வந்தது. அழகாக, வெளிப்பக்கம் சரிந்து, ஓரத்தில் ஒரு சிறிய வடிகாலுடன். வீட்டைக் கட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. அவர்கள் செய்து வைத்ததை மண் மூடியதுதான் சுவரின் நோய்க்குத் தொடக்கம். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு அது. புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை, இருந்ததை மீட்டால் போதும்.

பழைய வீட்டுச் சுவரோரம் தோண்டுவதில் கவனம் வேண்டும். அக்கால அஸ்திவாரங்கள் ஆழம் குறைந்தவை. முழு நீளத்தையும் ஒரே மூச்சில் திறந்து போடக் கூடாது. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள பகுதிகளாக, இடைவெளி விட்டு விட்டுத் தோண்ட வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு விரலளவுகூட இறங்கக் கூடாது. வடிகால் பள்ளம் ஆழமாக வேண்டுமென்றால், அஸ்திவாரத்தின் கீழ் விளிம்பிலிருந்து 45 பாகை சாய்வாக ஒரு கோடு கற்பனை செய்து, பள்ளம் அந்தக் கோட்டுக்குள் நுழையாதபடி சுவரிலிருந்து தள்ளி வெட்ட வேண்டும்.

எடுத்த மண்ணை இரண்டு குவியலாகப் பிரித்தோம். மேல் ஓரடி மண் கருத்து, வேரும் புழுவுமாக உயிரோடு இருந்தது. அது ஒரு குவியல். அடியில் வந்த மஞ்சள் நிறக் களியும் இடிபாடும் இன்னொன்று. மேல்மண் பொன்னுக்குச் சமம். அதை அடிமண்ணோடு கலந்துவிட்டால் பிறகு எவ்வளவு எரு போட்டாலும் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். குவியலை உயரமாகக் குவிக்காமல் பரப்பலாக வைத்து, பயறு வகை விதைகளைத் தூவிப் பசுமையாக மூடிவைத்தோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். பல ஆண்டுகளாக ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் உதிர்ந்த பெயின்ட் சுவரடி மண்ணில்தான் சேர்ந்திருக்கும். ஈயம் மட்காது, மழையில் எளிதில் கரைந்து போகவும் செய்யாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலை. ஆகவே சுவரடி மண்ணிலிருந்து ஒரு மாதிரியும், கொல்லையின் மறுகோடியிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். சுவரடி மண்ணில் ஈயம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. மறுகோடி மண் நன்றாக இருந்தது. காய்கறிப் பாத்திகளின் இடத்தை முடிவுசெய்தது அந்த ஆய்வறிக்கைதான், எங்கள் விருப்பம் அல்ல. சுவரோர மண்ணை எந்தப் பாத்தியிலும் கலக்கவில்லை.

மீட்டெடுத்த செங்கல் நடைபாதையைத் திரும்பப் பாவி, அதன் வெளிவிளிம்பில் வடிகால் வைத்தோம். பள்ளத்தில் வடிகட்டித் துணி விரித்து, 20 மி.மீ. ஜல்லி பரப்பி, துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு துளையிட்ட குழாயைக் கிடத்தி, மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடினோம். சரிவு 100க்கு 1. துணி இல்லாவிட்டால் நுண்மண் ஜல்லிக்குள் இறங்கிச் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். கூரைநீரை இந்தக் குழாயில் விடக் கூடாது. துளையிட்ட குழாயில் கூரைநீரைச் சேர்த்தால், சுவரோர மண்ணை உலர்த்த வைத்த வடிகாலே அதை நனைக்கும். கூரைநீருக்குத் துளையில்லாத தனிக் குழாய். அது முதலில் ஒரு தொட்டிக்குப் போகிறது, தொட்டி நிரம்பி வழிவது கொல்லையின் தாழ்ந்த மூலைக்குப் போகிறது.

அந்தத் தாழ்ந்த மூலை நீரைக் குடிக்குமா என்று பார்க்க 30 செ.மீ. ஆழக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். முதல் நிரப்பலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வறண்ட மண் எப்போதும் வேகமாகக் குடிக்கும். மணிக்கு 2.5 செ.மீ. இறங்கினால் மழைநீர்ப் பள்ளத்துக்கு அந்த இடம் ஏற்றது. வீட்டிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும் என்பதும் விதி.

விரிசலும் கழிவுக் குழாயும்

பின்சுவரின் ஒரு மூலையில் செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல் ஏறிய விரிசல் இருந்தது. பார்ப்பவர்கள் எல்லாரும் உடனே அடைக்கச் சொன்னார்கள். விரிசலை அடைக்கும் முன் அது நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டும். இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினோம். குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரு பக்கமும் ஜிப்சத்தால் ஒட்டினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். களிமண் மழைக்காலத்தில் ஊதி, வறட்சியில் சுருங்குவதால், ஒரு சில வாரக் கவனிப்பு எதையும் சொல்லாது. ஈரமும் வறட்சியும் ஒரு சுற்று வர வேண்டும்.

கண்ணாடி உடைந்தது. விரிசல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்ததால், சுவரின் அந்த முனை கீழே அமர்கிறது என்று புரிந்தது. மூலையை ஒட்டிப் பழைய சுட்டமண் கழிவுக் குழாய் போகிறது. தோண்டிப் பார்த்தால் ஓர் இணைப்பு திறந்துகிடந்தது. உள்ளே முடிக்கற்றையாக வேர். பலர் வேர் குழாயை உடைத்தது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: இணைப்பு முதலில் கசிகிறது, கசியும் ஈரத்தைத் தேடி வேர் வருகிறது, வந்தபின் இடுக்கை அகலமாக்குகிறது. கசிவு நுண்மண்ணை அரித்துச் சென்றதால்தான் அஸ்திவாரத்துக்கு அடியில் பிடிப்பு தளர்ந்தது. குழாயை மாற்றி, மண்ணை மெல்லிய அடுக்குகளாக இட்டு இடித்து நிரப்பினோம். அதன்பின் ஒட்டிய கண்ணாடி முழுதாக நிற்கிறது. அகலமான, தொடர்ந்து வளரும் விரிசல் என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் ஒரு கரண்டிச் சாந்துகூட வைக்கக் கூடாது. எங்களுக்கும் வழி சொன்னவர் ஒரு பொறியாளர்தான்.

சிமெண்டை உரித்து, சுவரைக் காயவிட்டு

வெளிச்சுவரின் சிமெண்ட் பூச்சைத் தட்டினால் பாதி இடத்தில் பொள்ளல் ஒலி. மென்மையான பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி, பிறகு காற்றில் விட்டுவிடும் இயல்புடையவை. அதன்மேல் இறுகிய சிமெண்ட் பூச்சு வந்ததும் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டது. அது வேறு வழியின்றி உள்பக்கம் திரும்பி, மேலும் உயரே ஏறியது. ஓதத்தைத் தடுக்கப் பூசியதே ஓதத்தை வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும்போது விரிவடைந்து செங்கல்லின் முகத்தையே பொடியாக்கும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அதற்கு முன்பு கட்டியவை எல்லாம் அந்தச் சிமெண்டை அறியாத சுவர்கள். அதற்குப் பின்னும் நெடுங்காலம் சாதாரண வீடுகள் சுண்ணாம்பில்தான் எழுந்தன. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது அவற்றுக்கான அடிப்படை விதி. சுவர் சற்று அசைந்தால் விட்டுக்கொடுப்பதும், தேய்ந்தால் மாற்றத்தக்கதும் சாந்தாக இருக்க வேண்டும்.

உரிக்கும்போது மின்சுத்தியலைத் தவிர்த்தோம். கை உளியைச் சாய்வாகப் பிடித்துச் சிறிது சிறிதாகப் பெயர்த்தால் செங்கல்லின் முகம் தப்பும். உள்பக்கமும் பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டி, உப்பால் கெட்ட பூச்சைக் கறைக்கு மேலும் ஒரு முழம் வரை எடுத்தோம். சுவரெல்லாம் தோலுரித்து நின்றது.

"இப்போது எதுவும் பூச வேண்டாம் அம்மா. சுவர் குடித்த தண்ணீரை அதுவே விடட்டும். நீங்கள் உப்பை மட்டும் துடைத்துக்கொண்டே இருங்கள்" என்றார் கொத்தனார். வேலையைத் தள்ளிப்போடச் சொல்லும் கொத்தனாரைப் பார்ப்பது அரிது. அவர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தோம். ஓதச் சுவர் உலர்வதற்கு மாதத்துக்கு ஏறக்குறைய 25 மி.மீ. தடிமன் என்பது பொதுவான கணக்கு. எங்கள் 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம். உப்பு பூக்கப் பூக்க உலர்ந்த தூரிகையால் தட்டி, தாளில் ஏந்தி, வெளியே எடுத்துச் சென்றுவிட வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும்.

காத்திருந்த அந்த மாதங்களில்தான் மரவேலை நடந்தது. கைமரங்களின் நுனிகளையும் நிலைக்கால்களின் அடிப்பகுதியையும் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தோம். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். மட்கியது விரல்நீளம் உள்வாங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதை மட்கவைக்காது. அதனால் ஈரத்தை நிறுத்தியபின், கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே இன மரத்தைச் சாய்வு இணைப்பாகப் பொருத்தினால் மீதி மரம் இன்னும் பல காலம் உழைக்கும். தச்சர் மூன்று நிலைக்கால்களுக்கு அடியில் புது மரம் கோத்தார். ஜன்னல்கள் எதையும் மாற்றவில்லை. வைரம் பாய்ந்த பழைய மரம் இன்று கடையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு உறுதியானது. மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களிடம் நான் வாதாடினேன். ஈயம் கலந்த பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த தாளோடு சுருட்டி எடுக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகள் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. கொல்லையில் கிடந்த இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நாங்கள் தொடவில்லை, உடைக்கவில்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வந்து நனைத்துப் பொதிந்து எடுத்துச் சென்றார்கள்.

மின்கம்பிகளை முழுவதும் மாற்றி, எர்த் இணைத்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் பொருத்தியாயிற்று. சமையலறை மேடை, தரை மெருகு எல்லாம் வழக்கமான வேலைகள். அவற்றைப் பற்றித் தனியே சொல்ல ஒன்றுமில்லை.

சுவர் உலர்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கூரான மணல் மூன்று பங்கு. அடிப்பகுதிக்கு மட்டும் செங்கல் பொடி சேர்த்தோம். அது ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தரும். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஓதம் ஏறும் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மணலுக்குப் பதிலாக ஓட்டுப் பொடி கலந்து பூசச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டாக நிற்கும் செய்முறை. ஒவ்வொரு பூச்சும் 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பூசும் முன் சுவரை நனைக்க வேண்டும். பூசியபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நேரடி வெயிலும் காற்றும் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. வேகமாகக் காய்ந்தால் கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

மேலே வெள்ளையடித்தோம். பாலைப்போல் நீர்த்த கரைசல், மெல்லிய பூச்சு, ஒன்று காய்ந்தபின் அடுத்தது, ஐந்து முறை. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. காயக் காய வெண்மை மேலெழுந்து வரும். அந்த வெண்மைக்குள் ஓர் ஒளி இருக்கிறது. எந்த டப்பா பெயின்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

பாத்திகளுக்கு முன் பாதை

சாந்து கலக்கும் இடத்தையும் தோட்ட வரைபடத்திலேயே குறித்திருந்தோம். சிமெண்டோ சுண்ணாம்போ மண்ணில் கொட்டினால் காரத்தன்மை ஏறும். பிறகு அந்த இடத்தில் செடிகள் இலை வெளுத்து நிற்கும். தார்ப்பாய் விரித்து, பின்னாளில் நடைபாதை வரப்போகும் இடத்தின் மேலேயே கலந்தோம். செங்கல்லும் மணலும் வந்திறங்கியதும் அங்கேதான். மிதிபட்டு இறுகிய மண் பாதைக்கு நல்லது, பாத்திக்குக் கேடு. இருக்கிற ஒரே பெரிய மரத்தைச் சுற்றி, கிளைகள் பரவிய அளவுக்குக் கயிறு கட்டி, அதற்குள் யாரும் எதையும் வைக்காமல் பார்த்துக்கொண்டோம். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரிரு அடி மண்ணிலேயே இருக்கும். ஒரு லோடு மணல் அவற்றை மூச்சடைக்கச் செய்துவிடும்.

வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்பதை, சூரியன் உச்சமாக இருக்கும் பருவத்திலும் தாழ்ந்திருக்கும் பருவத்திலும் தனித்தனியே குறித்தோம். காய்கறிக்கு ஆறு மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். எங்கள் கொல்லையில் இரு பருவத்திலும் அந்த அளவு கிடைக்கும் இடம் மறுகோடிதான். ஈயம் இல்லாத மண்ணும் அங்கேதான். இரண்டு தேவைகளும் ஒரே இடத்தில் பொருந்தியது நல்ல பேறு.

மண்ணின் தன்மைக்குக் கண்ணாடிக் குப்பிச் சோதனை. மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் அமரும். வண்டல் சில மணி நேரத்தில். களி படியப் பல நாளாகும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் விகிதம் கிடைக்கும். எங்களுடையது களி மிகுந்த மண். களிமண்ணுக்கு மணல் சேர்த்துச் சரிசெய்யப் பார்ப்பது பரவலான வழக்கம். மிக அதிகமாகச் சேர்க்காவிட்டால் அது இன்னும் கெட்டியாகும். மட்கு எருவும் மூடாக்கும் பொறுமையுமே வழி. காத்து வைத்திருந்த மேல்மண்ணில் சுவரோர மண்ணை விலக்கி, மீதியை இட்டு, மேலே ஏழு செ.மீ. கனத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டோம், மரத்தின் அடியை மட்டும் தொடாமல் விட்டு.

களிமண் என்பதால் புது மரம் நடுவதிலும் கணக்கு மாறியது. வளர்ந்த மரம் வறட்சியில் களிமண்ணின் நீரை உறிஞ்சும்போது மண் சுருங்கி அஸ்திவாரம் அமரும். முழு வளர்ச்சியில் மரம் எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது வீட்டிலிருந்து தள்ளி நட வேண்டும். அந்தக் கணக்கின்படி எங்கள் கொல்லையில் இன்னொரு பெரிய மரத்துக்கு இடமே இல்லை. ஒரு சிறிய பழமரம் போதும் என்று முடிவாயிற்று.

பாதையை வரையும்போது கோல் பிடித்து வளைவு போடவில்லை. கதவிலிருந்து குழாயடிக்கும், அங்கிருந்து எருக்குழிக்கும் எப்படி நடந்தோமோ அந்தத் தடத்தையே பாதையாக்கினோம். தள்ளுவண்டி போக 90 செ.மீ. அகலம். பாத்தி 120 செ.மீ.; இரு பக்கமும் நின்று கையெட்டும் அளவு, மண்ணை மிதிக்கவே தேவையில்லை. சுவரோரம் 45 செ.மீ. பட்டையில் வெறும் ஜல்லி. அங்கே பூந்தொட்டிகூட வைப்பதில்லை. மழைத்துளி மண்ணில் பட்டுச் சுவரில் தெறிப்பதும், செடிக்கு ஊற்றும் நீர் அடிச்சுவரில் இறங்குவதும் அதனால் நின்றன. கொடி வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை. சுவரில் வேரூன்றி ஏறும் கொடிகள் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்துவிடும். சுவரிலிருந்து விலகி நிற்கும் தனி மரச்சட்டம் அமைத்து அதில் ஏற்றியிருக்கிறோம்; சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே கை நுழைந்து வெள்ளையடிக்க இடம் இருக்கிறது.

புதைத்த குழாய்கள் அனைத்தையும் வீட்டின் இரு மூலைகளிலிருந்து அளந்து, ஆழத்துடன் வரைபடத்தில் குறித்து, மின்பலகைப் பெட்டியின் உட்கதவில் ஒட்டிவைத்திருக்கிறோம். பள்ளம் மூடும் முன் அளவுகோலை அருகில் வைத்துப் படமும் எடுத்தாயிற்று.

இன்னும் பாக்கி இருப்பது சார்ப்பும் பின்சுவரும் சேரும் இடத்தில் ஒரு முழ அகலப் பகுதி. தகடு மாற்றியபின் அங்கே நீர் நுழையவில்லை. ஆனால் ஈரமானியின் அளவு மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் இறங்குகிறது. பழைய சிமெண்ட் சாந்தை உள்ளே ஆழமாகத் திணித்திருக்கலாம் என்று கொத்தனார் ஐயப்படுகிறார். அடுத்த மழைக்காலம் முடியும்வரை அதைப் பூசாமல் திறந்தே விட்டிருக்கிறோம். அளவு இறங்காமல் நின்றால் இணைப்புச் சாந்தைத் தோண்டியெடுத்துச் சுண்ணாம்பால் நிரப்புவோம்.